இரண்டு இடது காதுகள்

மர்ஸூக் நானாவோடு கதைக்க வேண்டுமென்றால் அவருடைய வலது பக்கம் போய் நிற்க வேண்டும். இடது பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் மனுசன் திரும்ப மாட்டார். இது தெரியாமல், புதிதாக வேலைக்கு வந்த எத்தனையோ பேர் "இந்தாளுக்கு என்ன கெப்பர்" என்று என்னிடம் முறைப்பாடு கொண்டு வந்திருக்கிறார்கள். நானும் முதல் ஒரு கிழமை அப்படித்தான் நினைத்தேன். சுப்பவைசர் கூப்பிட்டும் திரும்பாத ஆளை எந்தச் சுப்பவைசருக்குத்தான் பிடிக்கும்?

என் பெயர் ஹிஸ்புல்லா. வீடு தில்லையடியில். கரைத்தீவுக்கு வடக்கே, காட்டோரமாக இருக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் பதினான்கு வருசமாகச் சுப்பவைசர். மேலே இரண்டாள் உயரத்துக்குச் செம்மண், அதற்குக் கீழே வெள்ளைக் கல். செம்மண்ணை ஒதுக்கி, கல்லில் துளை போட்டு, வெடி வைத்து, விழுந்ததை லொறியில் ஏற்றி அனுப்புவோம். கல் சீமெந்தாகும். அதற்கு மேல் அந்தக் கல்லைப் பற்றி நான் யோசித்தது கிடையாது. எனக்கு வெடி நேரத்துக்கு வெடிக்க வேண்டும், லொறி நேரத்துக்குப் போக வேண்டும், யாருடைய கைகாலும் போகக்கூடாது. அவ்வளவுதான்.

மர்ஸூக் நானாவின் வேலை, வெடித்து விழுந்த கல்லுக்கு நடுவே நடந்து, கல்லல்லாததைப் பொறுக்கி வெளியே எறிவது. களிமண் கட்டி, மரவேர், இறுகிப்போன கறுப்புக் கட்டி இப்படி ஏதாவது கிடக்கும். லோடர் அள்ளும் முன் பார்த்து எடுக்க வேண்டும். வெயிலில் வெள்ளைக் கல் கண்ணைக் குத்தும். அரைமணி நேரத்தில் ஆளுக்குத் தலையிடி வந்துவிடும். அவர் காலை முதல் பின்னேரம் வரை நிற்பார். தலையில் ஒரு நனைத்த துவாய், அவ்வளவுதான்.

அவருக்குச் சொந்த ஊர் மன்னார் எருக்கலம்பிட்டி. தொண்ணூறாம் ஆண்டு, வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, பத்தொன்பது வயதில், உடுத்த சாரத்தோடு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர். அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் நாங்கள் அப்படி வந்தவர்களை அகதி என்போம். முப்பது வருசம் கழிந்து, அவர்களுடைய பிள்ளைகள் இங்கேயே பிறந்து கலியாணமும் முடித்த பிறகும் அந்தச் சொல் எங்கள் வாயை விட்டுப் போகவில்லை. குவாரியில் இரண்டு மர்ஸூக் இருந்த காலத்தில், ஆள் தெரிய வேண்டுமென்று நானே இவரை 'அகதி மர்ஸூக்' என்றுதான் சொன்னேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கற்பிட்டிக்கு வந்த அடுத்த வருசமே கண்டக்குழியில் சங்கு குளிக்கப் போனார். பத்து வருசம் குளித்தார். ஒரு நாள் தடிமனோடு மூழ்கியிருக்கிறார். தடிமன் இருந்தால் ஆழத்துக்குப் போகக்கூடாது என்பது குளிகாரர் எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அடுத்த நாளிலிருந்து கச்சான் காற்று, கடல் மூடிவிடும் என்ற அவசரம். கீழே போனதும் இடது காதுக்குள் துணி கிழிவது போல் ஏதோ கிழிந்தது. மேலே வந்தபோது காதாலும் மூக்காலும் இரத்தம். அன்றோடு அந்தக் காதும் போனது, கடலும் போனது.

பிறகு அதே கரையில் ஒரு சங்கு வாடியில் சங்கு பிரிக்கிற வேலை. குளிகாரர் கொண்டுவந்து கொட்டுகிற சங்கைப் பருமன் பார்த்து, புழு தின்றதா என்று பார்த்து, தனித்தனிக் குவியலாகப் போட வேண்டும். பிரிக்கிறவர் ஒரு பலகையில் உட்கார்ந்திருப்பார். சங்கின் ஒடுங்கிய நுனிக்கு வால் என்று பெயர். சங்குக்காரர் எந்தச் சங்கையும் வால் மேலே இருக்கத்தான் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால்தான் இடம்புரியா வலம்புரியா என்று கண் சொல்லும். நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு சங்கு. எடுத்தவுடன் கை தானாகவே வாலை மேலே திருப்பிவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அந்த வாடியில் ஒரு வழக்கம் இருந்தது. பிரிக்கிறவர் ஒரு சங்கைக் குவியலில் போட்டால் போட்டதுதான். திருப்பி எடுத்து வேறு குவியலில் போடக்கூடாது. எடுத்தால், ஒன்றில் கண் சரியில்லை, இல்லாவிட்டால் யாரோ காசு கொடுத்துக் கண்ணைக் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எடுத்தவர் அன்றைக்கே பலகையை விட்டு எழும்பிவிட வேண்டும். அப்படி எழும்பிப் போன இருவரை மர்ஸூக் நானா தன் கண்ணால் கண்டவர். அவர் பதினொரு வருசம் அந்தப் பலகையில் இருந்தார். ஒரு சங்கைக்கூடத் திருப்பி எடுக்கவில்லை. வாடி முதலாளி கடையைக் கட்டிக்கொண்டு மகனோடு கட்டாருக்குப் போன பிறகுதான் எங்கள் குவாரிக்கு வந்தார். வரும்போது அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். எனக்குப் பாணும் சம்பலும் போதும் என்று ஒரு முறை வாயால் சொல்லிவிட்டால், பக்கத்தில் புரியாணிச் சட்டி திறந்தாலும் கை நீட்ட மாட்டார். எங்களுக்கெல்லாம் சிரிப்பு. அவருக்கு அது சிரிப்பான விசயம் இல்லை.

அவர் குவாரியில் சேர்ந்த இரண்டாம் மாசமே அவரோடு எனக்குச் சண்டை. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஏதோ கற்களைக் குவித்து வைத்திருந்தார். கைக்கு அடக்கமான கட்டிகள். பெரிய சோகிச் சிப்பி ஒன்றை உள்ளே மடித்து, வாயை ஒரு பக்கம் திறந்து வைத்தது போல் இருக்கும். தூக்கினால் பார்வைக்கு மிஞ்சின பாரம்.

"என்ன நானா இது, வீட்டுக்குக் கொண்டு போறதுக்கா?" என்றேன், வேண்டுமென்றே குத்தலாக.

"இல்ல சேர். இது கல்லில்ல. சங்குமில்ல. இத அரைக்க எனக்கு மனம் வரேல்ல" என்றார். ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். பீங்கான் கோப்பையைத் தட்டியது போல் சத்தம் வந்தது. எனக்கு விசர் பிடித்தது. ஆனால் குவியல் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

நாலு வருசத்துக்கு முன் அமல்ராஜ் வந்தார். சிலாபத்து ஆள், கெம்பஸ் ஒன்றில் மண்ணையும் கல்லையும் பற்றிப் படிப்பிக்கிறவர். எங்கள் கல்லில் சுறாப் பல் இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று கடிதத்தோடு வந்தார். வந்தவர் சலம் கழிக்கத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போனார். கால்மணி நேரமாகியும் ஆளைக் காணவில்லை. பாம்பு கீம்பு கடித்துவிட்டதோ என்று போய்ப் பார்த்தால், மனுசன் மண்ணில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, மடி நிறைய அந்தக் கட்டிகளை வைத்துக்கொண்டிருக்கிறார். வந்த வேலை முடிந்ததா என்று கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"இத ஆர் சேத்தது?" என்று கேட்டார். நான் மர்ஸூக் நானாவைக் கூப்பிட்டனுப்பினேன்.

அது திமிங்கிலத்தின் காதெலும்பாம். இந்த நிலமெல்லாம் கடலுக்குள் கிடந்த காலத்தில் செத்த திமிங்கிலங்கள். உடம்பில் உள்ள எலும்பிலெல்லாம் காதெலும்புதான் இறுக்கமானதாம். மற்ற எலும்பு பொடியானாலும் காது மட்டும் மிஞ்சும். அந்தக் காதை வைத்தே அது என்ன திமிங்கிலம் என்று சொல்லிவிடலாமாம். அடையாள அட்டைப் படத்துக்குக் காது தெரிய வேண்டும் என்று எங்கள் பெண்களை முக்காட்டை விலக்கச் சொல்லிப் படுத்திய பாடு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. திமிங்கிலத்துக்கும் அதே சட்டம்தான் போலிருக்கிறது என்றேன். அமல்ராஜ் சிரித்தார். மர்ஸூக் நானா சிரிக்கவில்லை. தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று தொடங்கியது. மாசத்துக்கு ஒரு முறை அமல்ராஜ் வருவார். இருவரும் காதுகள் சேர்த்து வைத்த பெட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பின்னேரம் வரை இருப்பார்கள். நானாவுக்கு அதிகம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பதினொரு வருசம் சங்கு பிரித்த கண் அது. ஒடுங்கி நீண்டு இருந்தவற்றுக்கு அவர் நீட்டுக்காதன் என்று பேர் வைத்தார். அகன்று, தட்டையாய், நாலு மூலையும் தெரிய உடைந்த துண்டுகள் மூன்று கிடைத்திருந்தன, அவற்றுக்குச் சதுரக்காதன். அதைப் பார்க்கும்போது மட்டும் அமல்ராஜின் குரல் மாறும். ஆங்கிலத்தில் அதற்கு றைட் வேல் என்று பெயராம். முதுகில் செட்டை கிடையாது. உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலை. இப்போது எங்கள் கடலில் இல்லை, தூரத்துக் குளிர்க் கடல்களில்தான். எங்கள் குவாரியில் முழுசாக ஒரு சதுரக்காது கிடைத்தால் அதுவே பெரிய காரியம், தலை கிடைத்தால் கதையே வேறு என்பார்.

இடதா வலதா என்று பிரிப்பதும் நானாவின் பொறுப்பாகிவிட்டது. எலும்பின் முன்பக்கம் மேலே இருக்கப் பிடித்தால், தடித்த உதடு எந்தப் பக்கம் வருகிறது என்பதை வைத்துச் சொல்லலாம். நீட்டுக்காதனுக்கு ஒடுங்கிய பக்கம்தான் முன்பக்கம்.

"வால் மேல. அவ்வளவுதானே சேர்?" என்றார் நானா.

"அவ்வளவுதான்" என்றார் அமல்ராஜ்.

முதல் முப்பத்தேழு காதையும் அமல்ராஜ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் பிழையில்லை. அதற்குப் பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார். பெட்டியை அப்படியே வேனில் ஏற்றுவார்.

போன ஆவணி மாசம், ஒரு வியாழக்கிழமை, வெட்டிய வடக்குப் பக்கக் கல்சுவரின் அடியில் நானா ஒரு முழுச் சதுரக்காதை எடுத்தார். சனிக்கிழமை காலை, அது கிடந்த இடத்திலிருந்து இரண்டரை முழம் தள்ளி இன்னொன்று. இரண்டும் முந்தின வெடியில் சுவரிலிருந்து கழன்று விழுந்தவை. அந்தச் சுவருக்கு அடுத்த வெடி திங்கட்கிழமை என்று நான் எழுதியாகிவிட்டது. துளையும் போட்டாயிற்று.

நானா அமல்ராஜுக்குப் போன் எடுத்தார். அமல்ராஜ் கெம்பஸில் பிள்ளைகளுக்குச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார். படம் அனுப்பினோம். காதின் வாய் முழுக்கக் கல் இறுகி அடைத்திருந்ததால் படத்தில் வெறும் கட்டிதான் தெரிந்தது.

"எனக்கு விளங்கேல்ல நானா. சாமான் உங்கட கையிலதான் இருக்கு, நீங்கதான் சொல்லணும்" என்றார் அமல்ராஜ். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "ரெண்டும் வேற வேற பக்கமெண்டா, அது ஒரு தலை. சுவருக்குள்ள தலை இருக்கும். நான் சோதனையையும் விட்டுட்டு வந்துருவன், வெடியையும் நிப்பாட்டச் சொல்லிக் கேக்கணும். ரெண்டும் ஒரே பக்கமெண்டா ரெண்டு திமிங்கிலம். கடல் இழுத்துக்கொண்டு வந்து போட்டது. அதுக்குப் பின்னால ஒண்டுமிருக்காது."

நானா முதலாவதை எடுத்தார். வாலை மேலே பிடித்தார். பார்த்தார். வைத்தார். இரண்டாவதை எடுத்தார். கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தார். பார்த்தார்.

"ரெண்டும் இடது சேர்" என்றார்.

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி நானா. அப்ப விடுங்க" என்றார் அமல்ராஜ். அவருக்குக் கவலை. எனக்கோ, உண்மையைச் சொன்னால், பெரிய சந்தோசம். வெடிமருந்து பொலிஸ் காவலோடு வரும் சாமான். வந்த அன்றே வெடிக்க வேண்டும், குவாரியில் இரவு வைக்க முடியாது. திருப்பி அனுப்பினால் ஏன் எதற்கு என்று எழுத்தில் காரணம் கொடுக்க வேண்டும். ஒரு செத்த மீனுக்காக அந்தத் தலையிடி எனக்கு வராமல் போனதே என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மர்ஸூக் நானாவின் மனைவி ஸக்கியா மதினி எனக்குப் பின்னால் சொன்னார். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, முற்றத்தில் கதிரையைப் போட்டு, அந்த இரண்டாவது காதைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாக்கு ஊசியால் கிண்டிக்கொண்டிருந்தாராம். அமல்ராஜ் சேரிடம் கொடுக்கும்போது துப்புரவாகக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான். பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன், அடைத்திருந்த கல் ஒரு கட்டியாகக் கழன்று விழுந்தது. உள்ளே ஒரு ஓரத்தில் சின்ன வாய்க்கால் போல ஒரு திறப்பு. காதின் முன்பக்கத்தில்தான் அந்தத் திறப்பு இருக்கும் என்று அமல்ராஜ் எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார். நீட்டுக்காதனைப் பிரிக்க அது தேவைப்படவே இல்லை. இப்போது பார்த்தால் திறப்பு இருந்தது, நானா வால் என்று நினைத்த பக்கத்தில் அல்ல, மற்றப் பக்கத்தில். காலையில் துப்புரவாக்கிய முதலாவது காதில் அது வால் பக்கத்தில்தான் இருந்தது.

சதுரக்காதனுக்கு வாலேது? நாலு மூலையும் ஒன்று போல. ஒரு மூலை கொஞ்சம் உடைந்து ஒடுங்கியிருந்தது. கை பழக்கத்தில் அதை வாலென்று எடுத்து மேலே திருப்பிவிட்டது. சங்கு பிரித்தவனைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்கள்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றாராம்.

மதினி உள்ளதைச் சொல்கிற மனுசி. "நாளைக்கு வெடிச்சா எல்லாம் ஒண்டாப் போயிரும். பிழையெண்டு ஆருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் இல்லை. புருசன் பலகையை விட்டு எழும்புவதைப் பார்க்க அவருக்கு மனமில்லை. குவாரியிலும், கெம்பஸ் சேரிடமும், இத்தனை வருசத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே மதிப்பு, 'மர்ஸூக் நானா சொன்னால் சரி' என்பதுதானே. அதுவும் போனால் பிறகு அவர் கல் பொறுக்குகிற ஒரு செவிட்டு மனுசன், அவ்வளவுதான்.

நானா எழும்பிப் போய் அஸர் தொழுதாராம். சட்டையை மாட்டினார். காதைத் துவாயில் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

நான் வீட்டு வாசலில் கதிரையில் சாய்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். கேற்றுக்கு வெளியே வந்து நின்றார். தலைமயிரெல்லாம் றோட்டுப் புழுதி. போன் எடுத்திருக்கலாமே என்று நினைத்தேன். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ரெண்டாவது காது வலது. நேத்து நான் சொன்னது பிழை. அதத் திருப்பி எடுக்க வந்திருக்கிறன்" என்றார்.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. "என்ன நானா வெளயாடுறீங்களா? நாளைக்கி ஒன்பது மணிக்கு மருந்து வருது, பொலிஸ் வருது. நேத்து ரெண்டும் இடதெண்டீங்க. ஒரு ராவில ஒரு காது பக்கம் மாறிட்டா? நாளைக்கிக் காலத்தால திருப்பியும் மாறுமா?"

அவர் துவாயை விரித்து அந்த வாய்க்காலைக் காட்டினார். நான் பார்த்தேன். எனக்கு அதுவும் ஓட்டைதான், இதுவும் ஓட்டைதான். முன் எது, பின் எது என்று என்னைப் படைத்தவனுக்குத்தான் வெளிச்சம்.

"ரெண்டு கதையில எந்தக் கதைய நான் நம்புற?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போனது. பக்கத்து வீட்டில் யன்னல் திறந்தது.

"நேத்துச் சொன்னது கைப் பழக்கம்" என்றார். "இண்டைக்குச் சொல்லுறது பார்த்து. உங்களுக்கு என்னில நம்பிக்கை இல்லாட்டி அது என்ர பிழைதான். ஆனா சேர், அந்தச் சுவருக்குள்ள தலை இருக்கு."

எனக்குத் தெரிந்த இந்தப் பத்து வருசத்தில் அவர் ஒருத்தருடைய வாசலிலும் போய் எதையும் கேட்டு நின்றதில்லை. கோபம் போகவில்லை, ஆனாலும் போனை எடுத்துக் குவாரி எஞ்சினியருடன் கதைத்தேன். மருந்து வந்தால் மூன்று மணிக்குள் வெடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், கையெழுத்து உங்களுடையது ஹிஸ்புல்லா, என்றார் அவர். அதாவது, விடிந்ததிலிருந்து மூன்று மணி வரை நேரம். அதற்கு மேல் என் தலையில்.

நானா என் கேற்றில் நின்றபடியே அமல்ராஜுக்குப் போன் எடுத்தார். வலது காதில் வைத்து, "சேர், நான் பிழை விட்டுட்டன். ஒண்டு வலது" என்றார். திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன். அமல்ராஜ் கேட்டது ஒன்றுதான்: "எத்தின மணிக்கு வெடி?"

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அமல்ராஜ் இரண்டு மாணவர்களோடு வந்து இறங்கினார். நானா விடியச் சுபஹு தொழுத கையோடு வந்துவிட்டிருந்தார். சுவரில் ஏணி வைத்து, தூசியைக் கழுவி, உளியால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஒன்பது மணிக்கு மருந்து வேன் வந்தது. இரண்டு பொலிஸ்காரர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து போன் பார்த்தார்கள். பத்து மணி, பதினொரு மணி. கல், கிளிஞ்சல், மறுபடி கல். என் ஆட்கள் வேலையில்லாமல் நின்று அவர்களைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் "சதுரக்காதன் சுகமா நித்திர கொள்றான் போல" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். நானாவுக்குக் கேட்டிருக்காது, நாங்கள் அவருடைய இடது பக்கம் நின்றோம்.

ஒன்றரை மணிக்கு, கை எட்டாத உயரத்தில் கல்லின் நிறம் மாறியது. வெள்ளைக்குள் கபில நிறம், பாண் துண்டு போலத் துளை துளையாக. அமல்ராஜ் தூரிகையால் துடைத்துத் துடைத்துப் போனார். கபிலம் இரண்டு பக்கமும் விரிந்து போய்க்கொண்டே இருந்தது.

"இது தலையா?" என்று கேட்டேன்.

"தலை மாதிரித்தான் இருக்கு" என்றார். "ஆனா சத்தியம் பண்ண மாட்டன். வேற எலும்பாயும் இருக்கலாம்."

"மாதிரிக்கெல்லாம் நான் கையெழுத்துப் போடேலா டொக்டர். ரெண்டு மணிக்கு மருந்து ஏத்தத் தொடங்கணும்."

நான் கடுமையாகத்தான் சொன்னேன். எனக்கும் வீடு, பிள்ளை குட்டி இருக்கிறது. அமல்ராஜ் ஏணியை விட்டு இறங்கினார். நானா ஏணியில் ஏறினார். கபில எலும்பின் ஒரு பக்கத்தில் ஒரு குழி. குழியின் ஓரத்தில், மரக்கிளை முறிந்த அடி போல் ஒரு முறிவு. துவாயை அவிழ்த்து இரண்டாவது சதுரக்காதை எடுத்தார். அதன் தண்டிலும் ஒரு முறிவு இருந்தது. கொண்டுபோய் வைத்தார். சேரவில்லை. என் ஆட்களிடம் இருந்து ஒரு முனகல் கேட்டது. நான் மணியைப் பார்த்தேன்.

நானா கையை எடுத்தார். அதை ஒரு நிமிசம் உற்றுப் பார்த்தார். பிறகு, பதினொரு வருசம் பழகிய கையை வேண்டுமென்றே மாற்றி, தலைகீழாகத் திருப்பி மறுபடி வைத்தார். முறிவோடு முறிவு போய் உட்கார்ந்தது. கையை எடுத்தார், விழவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளிகூடத் தெரியவில்லை.

பொலிஸ்காரர்கூட போனை மடியில் வைத்துவிட்டு எழும்பி வந்தார்கள். அமல்ராஜ் ஏணியின் அடியைப் பிடித்தபடி, "வலது. வலது நானா" என்று இரண்டு முறை சொன்னார்.

தலையின் பின்பாதிதான் சுவருக்குள் இருந்தது. முன்பாதி வெளிப்பக்கம் நீட்டியிருந்திருக்கிறது. அதற்கு முந்தின மாசம் அந்த இடத்தை வெடித்து ஏற்றி அனுப்பியது நான்தான். கணக்கில் ஐம்பத்திரண்டு லொறி. எந்த வீட்டுச் சுவரில், எந்தப் பாலத்தில் அந்த முகம் இருக்கிறதோ தெரியாது. இதை அமல்ராஜ் மெதுவாகத்தான் சொன்னார், குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மருந்து வேனைத் திருப்பி அனுப்பும் படிவத்தை மேசையில் விரித்து, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். எச்சரிக்கைக் கடிதம் வரும் என்று தெரியும், பிறகு வந்தது. நானா வாசலில் வந்து நின்றார். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி, கண் மட்டும் சிவந்திருந்தது. அழுதிருக்கிறார்.

"தம்பி" என்றார். அதுவரை அவர் என்னை சேர் என்றுதான் கூப்பிடுவார். "நேத்து நான் உங்கட வீட்டுக்கு வராம விட்டிருந்தா?"

நான் எழும்பி அவருடைய வலது பக்கம் போய் நின்றேன். வராமல் விட்டிருந்தால் மூன்று மணிக்கு வெடித்திருப்பேன். ஒரு லொறியும் சுணங்கியிருக்காது. பின்னேரம் வீட்டுக்குப் போய், இன்றைய வேலை நல்லபடியாக முடிந்தது என்று வீட்டில் சொல்லிவிட்டு, நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கியிருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது அதை நினைத்துத்தான். அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.